அப்பாவின் ரிவால்வருக்கு நிக்கல் முலாம் போடலாமா?

கேள்வி: சோழவந்தான் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. அப்பா காலமான பிறகு அவருடைய .32 ரிவால்வருக்கு என் பெயரில் உரிமம் வாங்கி வைத்திருக்கிறேன். அரசுத் தொழிற்சாலையில் செய்தது, நடுவில் மடங்கித் திறக்கும் வகை. இரவு தோப்புக்குப் போகும்போது இடுப்பில் தோல் உறையில் வைத்துக்கொள்வேன். கருநீலப் பூச்சு குழல் முனையிலும் சிலிண்டர் ஓரங்களிலும் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. ஐப்பசி மழை தொடங்கினால் அங்கங்கே செம்புள்ளி விழுகிறது. மதுரையில் தெரிந்த முலாம் பட்டறைக்காரர் ஒருவர், நிக்கல் போட்டால் ஆயுசுக்கும் துருப்பிடிக்காது என்கிறார். மைத்துனர் ஹார்டு குரோம்தான் போட வேண்டும் என்கிறார். எதைப் போடலாம்?

பதில்: முதலில் ஒன்று. அந்த முலாம் பட்டறைக்கு ரிவால்வரைக் கொண்டுபோகாதீர்கள். நிக்கலா, குரோமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் உரிமம் கேட்கிறது. பட்டறைக்காரர் உங்களுக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், அவரிடம் விட்டுவிட்டு வந்தால் இரண்டு பேருக்கும் வழக்கு வரலாம். உரிமம் பெற்ற ஆயுத வியாபாரி அல்லது பழுது பார்ப்பவர் வழியாகத்தான் இந்த வேலை நடக்க வேண்டும். வாங்கிக்கொண்டதற்கு எண்ணோடு ரசீதும் வேண்டும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. எந்த முலாமும் போடுவதற்கு முன்னால் இரும்பை மெருகேற்றுவார்கள். பாத்திரத்துக்கும் பைக் சைலன்சருக்கும் பஃபிங் போடுகிற சக்கரத்தில் ரிவால்வரையும் அழுத்திப் பிடித்தால், சில நிமிடங்களில் கூரான விளிம்புகள் மழுங்கிவிடும். திருகாணித் துளைகள் குழியாகும். ரிவால்வரின் உடற்சட்டத்திலும் (ஃபிரேம்) சிலிண்டரிலும் பொறித்த எண்ணும் தொழிற்சாலை முத்திரையும் மங்கும், சில சமயம் அழிந்தே போகும். அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் ஆயுதச் சட்டத்தின் 8-ஆவது பிரிவுப்படி குற்றம். மெருகில்தான் போயிற்று என்று நீங்கள் சொன்னாலும், அடுத்த முறை உரிமம் புதுப்பிக்கத் துப்பாக்கியைக் காட்டும்போது எண்ணைப் படிக்க முடியாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். நான் பார்த்தவரை மறுபூச்சில் கெட்டுப்போன துப்பாக்கிகளில் பெரும்பாலானவை பூச்சால் கெட்டவை அல்ல, அதற்கு முந்தைய மெருகால் கெட்டவை.

சரி, இனி பூச்சுக்கு வருவோம். உங்கள் ரிவால்வரில் இப்போது இருப்பது புளூயிங். பெயிண்ட் மாதிரி மேலே பூசுவது அல்ல அது. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலை ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கவைத்து, அதில் எஃகை முக்கி எடுப்பார்கள். எஃகின் மேற்பரப்பே கருப்பு இரும்பு ஆக்சைடாக மாறிவிடும். அதன் கனம் ஒரு மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) முன்னே பின்னே, அவ்வளவுதான். இந்தப் படலத்துக்குத் துருவைத் தடுக்கும் வலு தனியாக அதிகம் கிடையாது. தோசைக்கல் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வது போல, இது எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தடுப்பது அந்த எண்ணெய்தான். எண்ணெய் காய்ந்துவிட்டால் புத்தம் புது புளூயிங்கிலும் துரு ஏறும்.

உங்கள் கடிதத்தில் முக்கியமான தகவல் தேய்மானம் எங்கே என்பது. குழல் முனை, சிலிண்டர் ஓரம். இரண்டும் தோல் உறையில் போய்வரும்போது உரசும் இடங்கள். ஆக, உங்கள் பிரச்சினை அந்த உறையில்தான் தொடங்குகிறது. ஆவாரம்பட்டை போன்ற தாவரச் சாற்றில் பதனிட்ட தோலில் டானின் என்கிற துவர்ப்புப் பொருள் இருக்கும். ஈரம் சேர்ந்தால் அது இரும்போடு வினைபுரிந்து கறையாக்கும். குரோம் உப்பில் பதனிட்ட தோலிலோ அந்த உப்பும் அமிலமும் கொஞ்சம் தங்கியிருக்கும். திண்டுக்கல்லில் நல்ல தோல் வாங்கித் தைத்திருந்தாலும் இதுதான் நிலைமை. போதாததற்கு இடுப்பு வியர்வையின் உப்பையும் தோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து உறையோடு பீரோவில் வைத்தால், இரவு முழுக்க ஈர உப்புத்துணியைச் சுற்றி வைத்ததற்குச் சமம். வைகைப் பாசனத்தில் இருக்கிற தோப்பு மதுரை நகரத்தைவிட ஈரமானது. மார்கழிப் பனியும் அங்கே அதிகம். எந்தப் பூச்சைத் தேர்ந்தெடுத்தாலும் இதைத் தாங்குமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

நிக்கலைப் பற்றிப் பட்டறைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. நிக்கல் துருப்பிடிக்காது. ஆனால் அதற்குக் கீழே இருக்கிற இரும்பு துருப்பிடிக்கும். முலாமில் ஊசிமுனை அளவு துளையோ கீறலோ விழுந்து ஈரம் உள்ளே போனால், நிக்கலும் இரும்பும் சேர்ந்த இடத்தில் அரிபடுவது இரும்புதான், அதுவும் வெறும் இரும்பைவிட வேகமாக. துத்தநாகம் பூசிய தகரத்தில் துத்தநாகம் தன்னைக் கரைத்து இரும்பைக் காப்பாற்றும். நிக்கல் அப்படிச் செய்யாது. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே துரு படர்ந்துகொண்டே போகும். முலாம் கொப்பளித்து உரிந்தால்தான் நமக்குத் தெரியும். அதற்குள் இரும்பில் குழி விழுந்திருக்கும். புளூயிங்கில் துரு வந்தால் அன்றைக்கே கண்ணில் படும், அன்றைக்கே துடைத்துவிடலாம். தினமும் வியர்வையில் கிடக்கிற ஆயுதத்துக்கு இது பெரிய வசதி. நிக்கலுக்கு அடியில் செம்புப் படலம் போட்டிருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. குழலைச் சுத்தம் செய்கிற அம்மோனியா கலந்த திரவம் கீறல் வழியாக இறங்கிச் செம்பைக் கரைத்துவிடும், மேலே உள்ள நிக்கல் தோலாக உரியும்.

கனத்தையும் பாருங்கள். பட்டறை நிக்கல் 10 முதல் 25 மைக்ரான் வரை ஏறலாம். மின்முலாம் சமதளத்தைவிடக் கூரான விளிம்பில் தடிமனாகப் படியும். ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே விடுகிற சந்து மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. சிலிண்டரைச் சுழற்றும் பல்சக்கரம், மடங்கித் திறக்கிற கீல், மேலே பூட்டுகிற தாழ், இவை எல்லாமே கூரான விளிம்பு கொண்டவை. பல்லில் முலாம் ஏறினால் சிலிண்டர் குழலுக்கு நேராக நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. அப்புறம் சுட்டால் ஈயம் குழல் வாயில் சிராய்த்துப் பக்கவாட்டில் தெறிக்கும். இது சுடுகிறவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. மின்சாரம் இல்லாமல் ரசாயன முறையில் போடுகிற எலக்ட்ரோலெஸ் நிக்கல் எல்லா இடத்திலும் ஒரே கனமாகப் படியும், அந்த வகையில் மேல். ஆனாலும் துப்பாக்கியைப் பிரித்து எந்தத் துளையை அடைக்க வேண்டும், எந்தப் பாகத்தை முக்கவே கூடாது என்று தெரிந்தவர்தான் அதைச் செய்ய வேண்டும்.

மைத்துனர் சொல்கிற ஹார்டு குரோம் இதைவிடத் தரமானது, மறுக்கவில்லை. பைக் பாகங்களில் பார்க்கிற குரோம் வேறு. அது நிக்கலின் மேல் ஒரு மைக்ரான்கூட இல்லாத அலங்காரப் படலம். ஹார்டு குரோம் நேராக எஃகின் மேல் படிவது, மிகக் கடினமானது, சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கும், உறையில் எவ்வளவு உரசினாலும் சுலபத்தில் தேயாது. ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் இருக்கும், எண்ணெய் போடாவிட்டால் அதன் வழியாகவும் ஈரம் இறங்கும். இன்னொரு முக்கியமான சங்கதி, முலாம் போடும்போதும் அதற்கு முன் அமிலத்தில் கழுவும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கும். கடினப்படுத்திய சிறு பாகங்களையும் ஸ்பிரிங்குகளையும் இது முதலில் தாக்கும். அதனால் முலாம் போட்ட சில மணி நேரத்துக்குள் சுமார் 190 டிகிரியில் பல மணி நேரம் சூடாக்கி ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். "சூளையில் வைப்பீர்களா, எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம்?" என்று கேளுங்கள். தடுமாறுகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

மற்றவை உங்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது, சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கத் துப்பாக்கிகளுக்குப் போட்ட பார்க்கரைசிங் என்கிற பாஸ்பேட் பூச்சு சொரசொரப்பானது, எண்ணெயை நன்றாகக் குடிக்கும், உழைக்கும். ஆனால் நுட்பமாக உரசி நகர்கிற பாகங்களுக்கு ஏற்றதல்ல. செராகோட் என்பது பீங்கான் துகள் கலந்த பெயிண்ட். துப்பாக்கியில் தெளித்துச் சூளையில் 120 டிகிரி அளவில் சுடுவார்கள். துருவைத் தடுப்பதில் இவற்றிலெல்லாம் கெட்டிக்காரப் பூச்சு அதுதான். ஆனால் சுமார் 25 மைக்ரான் கனம், மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய பிறகுதான் பிடிக்கும். வெளிப்புறத்துக்கு மட்டும் என்றால் யோசிக்கலாம். குளோக் மாதிரி பிஸ்டல்களில் உள்ள நைட்ரைடிங் 500 டிகிரிக்கு மேல் நடக்கிற தொழிற்சாலை வேலை, ஏற்கெனவே பதமேற்றிய பழைய ரிவால்வரை அந்தச் சூட்டில் வைக்கவே கூடாது. கடைகளில் பாட்டிலில் வருகிற குளிர் புளூயிங் ஒரு கீறலை மறைக்க உதவும். முழுத் துப்பாக்கிக்கும் அதைப் பூசினால் சில மாதங்களில் உறையோடு போய்விடும்.

என் ஆலோசனை இதுதான். செம்புள்ளி மேலோட்டமாக மட்டும் இருந்தால் இப்போதைக்கு எந்தப் பூச்சும் வேண்டாம். அப்பா கையில் தேய்ந்த இடம் அப்படியே இருக்கட்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், அதில் தொழில்நுட்ப ரீதியாக ஒரு தவறும் இல்லை. நகத்தால் தடவினால் குழி தட்டுப்படுகிறது என்றால் மட்டும், உரிமம் பெற்ற வியாபாரி வழியாகச் சூடான புளூயிங்கே மறுபடியும் போடுங்கள். அதன் சூடு எஃகின் பதத்தைக் கெடுக்காது, கனமும் கூடாது, பாகங்களின் பொருத்தம் மாறாது. கண்ணாடி மெருகு கேட்காதீர்கள், மங்கலான முடிப்புப் போதும் என்று சொல்லுங்கள். அப்போது சுரண்டுகிற இரும்பு குறையும், எண் பிழைக்கும். முழுக்கப் பிரித்துத்தான் முக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுக்கில் தங்கிய உப்பு பிறகு வெள்ளையாகப் பூத்து வெளியே வரும். எல்லா வியாபாரியிடமும் இந்த வசதி இருக்காது. வேறு ஊருக்கு அனுப்புகிறார் என்றால் எங்கே, யாரிடம் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் எண்ணையும் முத்திரையையும் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். திரும்பி வந்ததும் குண்டில்லாமல் மெதுவாக விசையை இழுத்து, சிலிண்டரில் குண்டு போடுகிற ஆறு அறையும் குழலுக்கு நேராக வந்து பூட்டுகிறதா என்று அவர் முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

இப்போதுள்ள துருவை எடுக்க, முதலில் குண்டுகளை எடுத்து வேறு அறையில் வைத்துவிடுங்கள். குண்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கிற பிரைமருக்குள் எண்ணெய் இறங்கினால் குண்டு வெடிக்காமல் போகலாம், அதற்காகவும்தான். புள்ளியின் மேல் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து, செம்புக் கம்பியின் தட்டையான முனையால் லேசாகச் சுரண்டுங்கள். செம்பு எஃகைவிட மிருதுவானது, கீறாது. எமரித்தாள் கூடாது. புளியும் எலுமிச்சையும் கூடவே கூடாது, அந்த அமிலம் துருவோடு புளூயிங்கையும் கரைத்துவிடும். தோப்பு இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். நாளானால் பிசுக்காகும், மார்கழிக் குளிரில் உறைந்து விசையின் உள்வேலையை மந்தமாக்கும். கன் ஆயில் நல்லது, அவசரத்துக்குத் தையல் மிஷின் எண்ணெய் பரவாயில்லை. வெளிப்புறத்துக்கு, அருங்காட்சியகங்களில் இரும்புப் பொருள்களுக்குப் பூசுகிற மைக்ரோ கிரிஸ்டலைன் மெழுகு கிடைத்தால் இன்னும் நல்லது, அது வியர்வைக்குச் சட்டென்று கரையாது.

தோல் உறை தோப்புக்குப் போகும்போது மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் ரிவால்வரை வெளியே எடுத்து, துடைத்து, எண்ணெய்த் துணி தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பூட்டிய பெட்டியில் வையுங்கள். உறையைத் தனியாகக் காயப்போடுங்கள். ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் இரும்பின் மேல் நேராக வைக்க வேண்டாம். ஈரச் சந்தனம் ஒட்டிய இடத்தில் மறுநாளே புள்ளி விழும், அதுவும் மழை தொடங்குகிற நேரம். பெட்டியின் மேல் வைத்துக் கும்பிடலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

கடைசியாக, தேர்தல் அறிவித்தால் ரிவால்வரைக் காவல் நிலையத்திலோ வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டிவரலாம். வாரக்கணக்கில் துணியில் சுற்றிக் கிடக்கப்போகிறது என்பதால் குழலுக்குள்ளும் ஆறு அறைக்குள்ளும் வழக்கத்தைவிடத் தாராளமாக எண்ணெய் விட்டு, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, உறை இல்லாமல் ஒப்படையுங்கள். திரும்ப வாங்கிய அன்றைக்கே குழலின் உள்ளே உள்ள எண்ணெயை முழுக்கத் துடைத்தெடுத்துவிடுங்கள். குழலில் எண்ணெய் தேங்கியிருக்கும்போது சுடக் கூடாது.