வக்கீலிடம் கேளுங்கள்: ஒரே ரோடு, ஒரே பஸ், பின்னால் ஒருவர்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை பேக்டரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். கூட வேலை பார்க்கும் ஒருவர் ஏழு மாதத்துக்கு முன் விருப்பம் சொன்னார், முடியாது என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நான் சாயங்கால பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் எதிர் டீக்கடையில் நிற்கிறார். அவர் வீடு எதிர்த் திசையில். நம்பரை பிளாக் செய்தால் வேறு நம்பரில் மெசேஜ் வருகிறது. போன வாரம் எங்கள் வீட்டுக்கு இறங்கும் படிக்கட்டில் நின்றார். மானேஜரோ, "ஒரே ஊர், ஒரே பஸ், நீயா எதையாவது நினைச்சுக்காதே" என்கிறார். வேலையை விட்டுவிடு என்கிறார் அப்பா. இது கேஸ் ஆகுமா?
- பெயர் வேண்டாம், நீலகிரி

பதில்: ஆகும்.

உங்கள் மானேஜர் சொன்னதை இந்த மலையில் வக்கீலாக இருக்கும் நான் கேட்காத வருஷம் இல்லை. கோயம்புத்தூரில் என்றால் வேறு பஸ் பிடிக்கலாம், வேறு தெரு வழியாக நடக்கலாம். இங்கே ஊருக்கு ஏற ஒரு ரோடு, அதில் எப்போதோ ஒரு பஸ், நாலரைக்கே மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் நிற்பது யார் என்றே தெரியாது. தற்செயலாக எதிரே வருகிறவனும் வேண்டுமென்றே வருகிறவனும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுதான், அந்த வசதியில்தான் இப்படிப்பட்ட ஆட்கள் காலம் தள்ளுகிறார்கள்.

சரி, சட்டம் என்ன கேட்கிறது? பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, பெண்ணைப் பின்தொடர்வது பற்றியது. 2012 டெல்லி சம்பவத்துக்குப் பிறகு 2013இல் பழைய தண்டனைச் சட்டத்தில் 354டி என்று சேர்த்தார்கள், 2024 ஜூலை 1 முதல் எண் மட்டும் மாறிவிட்டது. பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து, அவளோடு பேச முயன்றால் குற்றம். அவள் போனிலும் இணையத்திலும் என்ன செய்கிறாள் என்று நோட்டம் விடுவது அதே பிரிவில் தனிக் குற்றம். ஆக, அவர் பஸ் ஸ்டாப்பில் நின்றாரா என்பதோடு விஷயம் முடியவில்லை. நீங்கள் "வேண்டாம்" என்று சொன்னது அவருக்குத் தெரியுமா, தெரிந்த பிறகும் எத்தனை முறை வந்தார், இதைத்தான் கோர்ட் பார்க்கும்.

நீங்கள் வாயால் சொன்னது உண்மைதான், ஆனால் நாளைக்கு "அவள் அப்படிச் சொல்லவே இல்லை" என்பார். அதனால் எழுத்தில் ஒரே ஒரு முறை: "எனக்கு விருப்பம் இல்லை. இனி போன் செய்யவோ மெசேஜ் அனுப்பவோ பின்னால் வரவோ வேண்டாம்." அவ்வளவுதான். நம் பெண்கள் பழக்கதோஷத்தில் "சாரிங்க அண்ணா, தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பிப்பார்கள், அந்த ஒரு "சாரி"யைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல் அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்வார் (நானே ஒரு காலத்தில் செய்திருக்கிறேன், பெருமையாகச் சொல்லவில்லை). அனுப்பிய பிறகு எந்தப் பதிலும் கொடுக்காதீர்கள், திட்டிக்கூட.

அப்புறம் கணக்கு. என்னிடம் வந்த ஒரு பெண் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதி வைத்திருந்தாள்: "டீக்கடை. நீல ஜெர்க்கின். நான் ஏறினதும் ஏறினான்." முன்பக்கத்தில் தேதியும் நேரமும் மெஷின் அச்சடித்திருந்தது. பதினொரு டிக்கெட், ரப்பர் பேண்டு போட்டு. உங்கள் மானேஜர் சொல்கிற மாதிரியான "தற்செயல்" அந்தக் கட்டைப் பார்த்ததும் காணாமல் போனது. ஒரு எச்சரிக்கை, மெஷின் டிக்கெட் மை சில மாதத்தில் மங்கிவிடும், அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். மகளிர் இலவசப் பயணம் என்றாலும் டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். மெசேஜ்களை அருவருப்பில் அழித்துவிடாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது, மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டிவரும், அதனால் போனையே பத்திரமாக வையுங்கள், எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டு வந்து நிற்காதீர்கள். டீக்கடையில் கேமரா இருந்தால் அந்தப் பதிவு தானாக அழிவதற்குள் எடுக்கச் சொல்லிப் புகாரிலேயே எழுதுங்கள்.

உங்களுக்கு இரண்டு வழி உண்டு, இரண்டிலும் ஒரே நேரத்தில் போகலாம். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடம் என்றால் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும், பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லை பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது அது, அந்தப் புகார்களை விசாரிக்கத்தான் அந்தக் குழு. கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்தக் குழுவிடம் புகாரை எழுத்தில் கொடுங்கள். உங்களுக்குப் போன வாரம்தான், நேரம் இருக்கிறது. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை அவரை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம், உங்களுக்கு மூன்று மாதம் வரை தனி விடுப்பும் கேட்கலாம். பேக்டரி வேனில் நடப்பதும் பணியிடத்தில் நடப்பதாகவே கணக்கு. நீங்கள் போலீசுக்குப் போக விரும்பினால் உதவ வேண்டியது நிர்வாகத்தின் கடமை, இதை மானேஜருக்கு அச்சடித்தே காட்டலாம். அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: இடம் மாற வேண்டியது அந்த ஆள், உங்கள் மகள் எதற்கு வேலையை விட வேண்டும்?

போலீஸ் பக்கம், மகளிர் காவல் நிலையத்துக்கே போங்கள், உங்கள் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீதை, அதாவது மனு வந்து சேர்ந்தது என்ற ரசீதை மட்டும் கையில் கொடுத்து, "கூப்பிட்டு எழுதி வாங்கிட்டு அனுப்பிடறோம்மா" என்பார்கள். அது எப்.ஐ.ஆர். இல்லை. இந்த அளவு தண்டனையுள்ள குற்றத்தில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது, அதற்கு மேல் இழுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புங்கள், அங்கேயும் நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட். எப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

தண்டனை மத்தியச் சட்டத்தில் முதல் முறை 3 ஆண்டு வரை, மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை. முதல் முறை ஜாமீனில் விடக்கூடிய குற்றம், அதாவது அன்று சாயங்காலமே அவர் அதே டீக்கடைக்கு வந்துவிடலாம், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். 2025 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டித் திருத்த மசோதா நிறைவேற்றியது, உங்கள் வழக்கில் எது பொருந்தும் என்று வக்கீலைக் கேளுங்கள். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம், வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு.

கேள்வி: கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் வேலை. மொத்தம் ஆறு பேர்தான். சமையல்காரர் தொந்தரவு செய்கிறார். எங்களுக்கு ஏது குழு?
- வாசகி

பதில்: பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்காகவே மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. திண்டுக்கல்லில் உள்ள மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள், மலை இறங்க முடியாவிட்டால் முதலில் பெண்கள் உதவி எண் 181க்கு போன் செய்யுங்கள். தொந்தரவு செய்கிற ஆள் முதலாளியே என்றாலும் இதே குழுதான்.

கேள்வி: என் தம்பி மேல் கூட வேலை பார்க்கும் பெண் புகார் கொடுத்திருக்கிறாள். அவன் உண்மையாகத்தான் விரும்பினான். நாங்கள் பெரியவர்கள் போய் அவள் வீட்டில் பேசி முடித்துவிடலாமா?
- ஓர் அண்ணன், குன்னூர்

பதில்: போகாதீர்கள். மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவன் ஒரு மெசேஜ் போட்டாலும், அவன் சார்பில் நீங்கள் தட்டுத் தூக்கிக்கொண்டு போனாலும், சாட்சியை மிரட்டினார்கள் என்றுதான் எழுதப்படும். அவள் நம்பரை அவன் போனிலிருந்து எடுங்கள், பழைய மெசேஜ்களை மட்டும் அழிக்க விடாதீர்கள், வேறு ஷிப்ட் கேட்டு அவனே மனு கொடுக்கட்டும், வக்கீலைப் பாருங்கள். உண்மையாக விரும்பினான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் என்ன சொன்னாள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.