கொம்பு ஏன் பின்னால் போகிறது?

கேள்வி: க்னூபிளாட் என்ற நிரலில் வரைபடம் போடுகிறேன். அச்சுகளின் பெயர்கள் தமிழில். பிஎன்ஜியாகச் சேமித்தால் ‘வெப்பம்’ என்ற சொல்லில் கொம்பு ‘வ’வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. பிடிஎஃப் தரும் பிடிஎஃப்கெய்ரோவில் கொம்பு சரி, ஆனால் எழுத்து எறும்பு அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. இரண்டிலும் 12 என்றுதான் கொடுத்தேன். எஸ்விஜி படக்கோப்பை என் வழிகாட்டிக்கு அனுப்பினால் அவர் கணினியில் வேறு எழுத்துருவில் தெரிகிறதாம். எந்த எழுத்துருவைப் போட்டால் இதெல்லாம் தீரும்?
– ஓர் ஆய்வு மாணவி

பதில்: எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்தே ஒரு வாரம் போயிருக்கும் உங்களுக்கு. எனக்கும் போயிருக்கிறது. மூன்று இடத்திலும் எழுத்துருமேல் தப்பில்லை.

கொம்பை முதலில் பார்ப்போம். யூனிகோடில் ‘வெ’ என்பது முதலில் வ, அடுத்துக் கொம்பு என்ற வரிசையில்தான் கோப்பில் இருக்கும். கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது படம் வரையும் நிரலின் வேலை. க்னூபிளாட்டின் வெறும் ‘பிஎன்ஜி’ டெர்மினல் (படத்தைக் கோப்பாக்கித் தரும் பகுதி) ஜிடி என்ற நூலகத்தை நம்பியிருக்கிறது. அது பெரும்பாலும் வந்த வரிசையிலேயே அடுக்கிவிட்டுப் போய்விடும். ‘பிஎன்ஜிகெய்ரோ’வுக்கு மாறுங்கள். அது பாங்கோ என்ற, எழுத்துகளை அடுக்கும் நூலகத்தின் வழியாகப் போகிறது. பாங்கோவுக்குக் கொம்பு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும், ‘கு’வையும் ‘கூ’வையும் ஒட்டி எழுதவும் தெரியும். ‘நோட்டோ சான்ஸ் தமிழ்,12’ என்று எழுத்துருவின் பெயரைச் சொன்னால் போதும், கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டியதில்லை. ஆனால் பெயரில் ஒரு எழுத்து தவறினாலும் சத்தமே போடாமல் வேறொன்றை எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் என்றால் எழுத்துருக்களைப் பட்டியலிடும் எஃப்சி-லிஸ்ட் கட்டளையை ஓட்டி, பட்டியலில் இருக்கும் பெயரை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். நான் கையால் தட்டுவதை விட்டு வெகுநாளாகிறது.

அடுத்து அளவு. பிடிஎஃப்கெய்ரோவை அமைத்துவிட்டு ‘ஷோ டெர்மினல்’ என்று கேட்டுப் பாருங்கள். ஃபாண்ட்ஸ்கேல் 0.5, அகலம் 5 அங்குலம், உயரம் 3 அங்குலம் என்று வரும். நீங்கள் கேட்ட 12 பாயின்ட்டை அது பாதியாக்கி 6 ஆகத் தருகிறது. ஃபாண்ட்ஸ்கேல் 1 என்று சேர்த்தால் எறும்பு போய்விடும்.

அதோடு முடியாது, படம் கடைசியில் எந்த அகலத்தில் அச்சாகப்போகிறது? ஒருமுறை ஓர் அறிக்கைக்காக 10 அங்குல அகலத்தில், 10 பாயின்ட் எழுத்தில் படம் செய்தேன். திரையில் ஜோராக இருந்தது. அதை மூன்றரை அங்குலப் பத்திக்குள் சுருக்கி வைத்தார்கள். எழுத்து மூன்றரை பாயின்ட் ஆனது. ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொண்டு மையாய் நின்றன. அன்றிலிருந்து படத்தின் அகலத்தைப் பத்தியின் அகலமாகவே வைத்துத்தான் தொடங்குகிறேன். அந்த அளவில் ஆங்கிலத்துக்கு 8 பாயின்ட் போதுமென்றால் தமிழுக்கு 9 வைப்பேன்.

எஸ்விஜி கதை எளிது. அதற்குள் எழுத்துரு இல்லை, அதன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் வழிகாட்டியின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால், இருப்பதை வைத்து ஒப்பேற்றியிருக்கிறது. அவருக்குப் பிடிஎஃபை அனுப்புங்கள். பிடிஎஃப்கெய்ரோ தேவையான எழுத்துகளைக் கோப்புக்குள்ளேயே பதித்துவிடும். சந்தேகம் இருந்தால் பிடிஎஃப்ஃபாண்ட்ஸ் கருவியை ஓட்டி, பதிந்திருக்கிறதா என்ற பத்தியில் ‘யெஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்விஜிதான் வேண்டும் என்றால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை நிரலில் எழுத்தைப் பாதையாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி அனுப்பலாம். ஆனால் பிறகு பிழை திருத்த முடியாது. மாற்றாத பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேட்பிளாட்லிப் என்ற பைதான் வரைபட நூலகத்தில் தமிழ் எழுத்துரு கொடுத்த பிறகு எதிர்க்குறி கட்டமாகிவிட்டது. ஆய்விதழோ ‘டைப் 3 எழுத்துரு கூடாது’ என்று திருப்பி அனுப்புகிறது.

பதில்: மேட்பிளாட்லிப் எதிர்க்குறிக்குச் சாதாரணச் சிறுகோட்டைப் போடாது, கணிதக் குறி ஒன்றைப் போடும். அது உங்கள் எழுத்துருவில் இல்லை. ‘ஆக்ஸஸ்.யூனிகோட்_மைனஸ்’ என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். அல்லது பதிப்பு 3.6 முதல் எழுத்துருப் பெயர்களைப் பட்டியலாகவே தரலாம். முதலாவதில் இல்லாததை அடுத்ததில் தேடிக்கொள்ளும். டைப் 3 என்பது பிடிஎஃபில் எழுத்துருவைப் பதிக்கும் ஒரு வகை. அதற்கு ஒரே வரிதான்: ‘பிடிஎஃப்.ஃபாண்ட்டைப்’ மதிப்பை 42 ஆக்குங்கள். இயல்பாக அங்கே 3 இருக்கும்.

கொம்பு இதிலும் இடம் மாறினால் நான் செய்வது இது: ‘எஸ்விஜி.ஃபாண்ட்டைப்’ மதிப்பை ‘நன்’ (‘எதுவுமில்லை’ என்ற ஆங்கிலச் சொல்) ஆக்கி எஸ்விஜியாகச் சேமிப்பேன். எழுத்து எழுத்தாகவே கோப்பில் போகும். இங்க்ஸ்கேப்பில் திறந்தால் அது கொம்பைச் சரியாக வைத்துக்கொள்ளும். அங்கிருந்து பிடிஎஃப் எடுத்துக்கொள்கிறேன். சுற்று வழிதான், ஆனால் என்னைக் கைவிட்டதில்லை.

கேள்வி: க்னூபிளாட் விளக்கக் குறிப்பில் ‘சோதனை_2’ என்று எழுதினால் 2 கீழே இறங்கிவிடுகிறது. எழுத்துருக் கோளாறா?

பதில்: இல்லை. என்ஹான்ஸ்டு முறையில் (சில குறிகளை வடிவமைப்புக் கட்டளையாகப் படிக்கும் முறை) அடிக்கோடு வந்தால் கீழொட்டு என்று அர்த்தம். அந்தக் குறிப்பின் தலைப்புக்குப் பக்கத்தில் ‘நோஎன்ஹான்ஸ்டு’ சேர்த்தால் 2 மேலே வந்துவிடும்.