நந்தியாவட்டையில் நீலக் கண் புழு

அன்புள்ள ஐயா,

நாங்கள் காட்பாடியில் இருக்கிறோம். வாசல் நந்தியாவட்டையில் பாதி இலையைக் காணோம். தேடினால், விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் புழு. குச்சியால் தொட்டதும் இரண்டு நீலக் கண்ணால் முறைக்கிறது. வால் பக்கம் கொம்பு வேறு. விஷப்புழு, மருந்து அடி என்கிறார் மாமியார். பூஜைக்குப் பூப் பறிக்கிற செடி. என்ன செய்யட்டும்?

செல்வி

அன்புள்ள செல்வி,

மருந்து வேண்டாம், தயவுசெய்து. வந்திருப்பது அரளி அந்துப்பூச்சியின் புழு. அறிவியலில் டாஃப்னிஸ் நெரீ. 1758லேயே ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் பதிவுசெய்த இனம்.

முறைப்பது கண்ணே இல்லை. தலைக்குப் பின்னால், மார்புப் பகுதியில் இருக்கும் புள்ளிகள் அவை: நீலமும் வெள்ளையும், சுற்றிலும் கறுப்பு வளையம். நிஜக் கண்கள் தலையில் பொடிப்பொடியாக இருக்கும், தேடித்தான் பார்க்க வேண்டும். பயந்தால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அந்த இடத்தை உப்ப வைக்கும். கொத்த வந்த மைனா ஒரு நொடி தயங்கினால் அதற்குப் போதும். கொம்பும் குத்தாது. இளம்புழுவில் நீளமாகக் கறுப்பாக இருந்தது, வளர வளரக் குட்டையாகி மஞ்சளாகிவிடும். கம்பளிப்பூச்சிபோல மயிர் இல்லாததால் அரிக்கவும் செய்யாது.

எனக்குப் பெரிய ஆச்சரியம் இதன் சாப்பாடுதான். பெங்களூர் ஹைவே நடுவில் வரிசையாக நிற்கிறதே அரளி, அதன் இலையில் இருப்பது இதயத்தையே நிறுத்தக்கூடிய நஞ்சு. அதை இது நிம்மதியாகத் தின்று வளர்கிறது! நந்தியாவட்டை, நித்தியகல்யாணி எல்லாம் அதே குடும்பம். எதையும் வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருந்தால் மட்டும் இந்தச் செடிகளிடம் அண்ட விடாதீர்கள்.

இன்னும் சில நாளில் பச்சை மாறிப் பழுப்பேறும். அப்புறம் செடியை விட்டு இறங்கி, கீழே சருகுக்குள் கூட்டுப்புழுவாகும். நம் ஊர்ச் சூட்டுக்கு இரண்டு மூன்று வாரம் அப்படிக் கிடக்கும். அதுவரை செடியடியைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள். மருந்துக்குத் தப்பிய புழுக்கள் பல சாவது அங்கேதான்.

வெளிவரும் பூச்சியின் சிறகு விரிந்தால் உள்ளங்கை அகலம்; பச்சையும் இளஞ்சிவப்புமாக, பளிங்கில் ஓடும் ரேகைபோல இருக்கும். பொழுது சாய்ந்த பிறகு மல்லிகைப் பக்கம் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும்.

சரி, செடிக்கு வருவோம். நந்தியாவட்டை இலை போனாலும் சீக்கிரம் துளிர்த்துவிடும். பூவும் வரும் என்று மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.