'சர்ரி' கைதிக் கப்பலா, சரக்குக் கப்பலா?

கேள்வி: மகள் சிட்னியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். 'சர்ரி' என்ற கைதிக் கப்பலைப் பற்றி வரலாற்றுப் பாடத்துக்கு எழுத வேண்டுமாம். தேடினால் ஓரிடத்தில் கைதிகளை ஏற்றி வருகிறது, இன்னோரிடத்தில் ஆளுநரையே ஏற்றிக்கொண்டு போகிறது. ஸ்பெல்லிங்கும் மாறுகிறது. எல்லாம் ஒரே கப்பல்தானா?

பதில்: ஒரே கப்பல்தான். கைதிக் கப்பல் என்றதும் அரசாங்கம் அதற்கென்றே கட்டிய மிதக்கும் சிறை என்று நாம் நினைத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது. அன்றைக்கு பிரிட்டன் தன் கைதிகளை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தியது, அவர்களை ஏற்றியவை பெரும்பாலும் தனியார் சரக்குக் கப்பல்கள். சர்ரி 1811-ல் இங்கிலாந்தின் ஹாரிச் துறைமுகத்தில் கட்டப்பட்டது, மாங்கிள்ஸ் என்ற வணிகக் குடும்பத்துக்குச் சொந்தமானது. அரசு ஒரு நடைக்கு வாடகை பேசும், தச்சர்கள் இரண்டு தளங்களுக்கு நடுவே பலகை அடித்துத் தடுத்துப் படுக்கை போடுவார்கள். கைதிகள் சிட்னியில் இறங்கியதும் அந்த இடம் மறுபடி சரக்குக்கு. கல்யாண மண்டபம் காலையில் முகூர்த்தத்துக்கும் மறுநாள் கட்சிக் கூட்டத்துக்கும் போகிற மாதிரிதான். சிட்னியில் ஏற்றிப் போக அன்றைக்குப் பெரிதாகச் சரக்கு கிடையாது, அதனால் பல கப்பல்கள் அங்கிருந்து தேயிலை ஏற்றச் சீனாவின் கான்டனுக்குப் போயின. அதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தயவு வேண்டும், 1833 வரை சீன வணிகம் அவர்கள் பிடியில்தான் இருந்தது.

சர்ரியின் முதல் கைதிப் பயணமே படுமோசம். 1814 பிப்ரவரியில் 200 ஆண்களுடன் கிளம்பியது, வழியில் டைஃபஸ் காய்ச்சல் பரவியது. 36 கைதிகள் செத்தார்கள். கேப்டன், துணை அதிகாரிகள், கப்பல் மருத்துவர் என்று ஒருவர் பின் ஒருவராகப் போய்ச்சேர, கப்பலை ஓட்டத் தெரிந்தவரே இல்லை என்ற நிலை. வழியில் எதிர்ப்பட்ட இன்னொரு கப்பலிலிருந்து ஒரு மாலுமி தானாக முன்வந்து ஏறிக்கொண்டார் (காய்ச்சல் கப்பலுக்குள் தெரிந்தே காலை வைக்க என்ன துணிச்சல் வேண்டும்!), அவர்தான் ஜூலையில் சிட்னிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பிழைத்தவர்களை ஊருக்குள் விடாமல் துறைமுகத்தின் வடகரையில் கூடாரம் அடித்து வைத்தார்கள். விசாரித்து அறிக்கை எழுதிய வில்லியம் ரெட்ஃபெர்னும் ஒரு காலத்தில் கைதியாக வந்து இறங்கிய மருத்துவர்தான். காற்றோட்டமில்லை, சுத்தமில்லை, கைதிகளை மேல்தளத்துக்குப் போதுமான அளவு விடவில்லை என்று அடுக்கினார். 1815 முதல் கைதிக் கப்பல்களில் கடற்படை மருத்துவரை மேற்பார்வைக்குப் போட்டதற்கு இந்த அறிக்கை ஒரு முக்கியக் காரணம். மகள் எழுத வேண்டிய பகுதி இதுதான் என்பேன்.

அந்தப் பயணத்தில் தப்பிய இளம் அதிகாரி தாமஸ் ரெய்ன், அப்புறம் கேப்டனாகிப் பல ஆண்டுகள் அதே கப்பலை ஓட்டினார். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் (கிரேட் பேரியர் ரீஃப்) இருக்கும் ரெய்ன் தீவு இவர் பெயரில்தான். திமிங்கிலம் மோதி மூழ்கிய 'எசெக்ஸ்' கப்பலின் மூன்று பேர் பசிபிக் கடலின் ஹெண்டர்சன் தீவில் மாட்டிக்கொண்டிருந்தார்கள், 1821 ஏப்ரலில் அவர்களை மீட்டது சர்ரி. 1822-ல் பதவி முடிந்த நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் மக்குவாரி குடும்பத்தோடு ஊர் திரும்பியதும் இதில்தான், நீங்கள் பார்த்த செய்தி அதுவாக இருக்கும். மொத்தம் 11 முறை கைதிகளை ஏற்றியிருக்கிறது. சங்கம் சேர்ந்து சத்தியம் செய்ததற்காக நாடு கடத்தப்பட்ட, இங்கிலாந்தின் டோல்படில் கிராமத்துக் கூலித் தொழிலாளர்கள் ஆறு பேரில் ஐந்து பேர் 1834-ல் வந்ததும் இதே கப்பலில்.

சரி, எப்படித் தேடுவது? கப்பல் பெயரை மட்டும் நம்ப வேண்டாம், ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடின. கேப்டன் பெயர், வந்த ஆண்டு, கட்டிய ஊர் மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஸ்பெல்லிங்கை ஆங்கில 'e' எழுத்து சேர்த்தும் சேர்க்காமலும் (Surrey, Surry) தேடுங்கள், அந்தக் கால எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். டன் கணக்கு இடத்துக்கு இடம் மாறினாலும் பதற வேண்டாம், அது எடையில்லை, நீள அகலத்தை வைத்துப் போட்ட கொள்ளளவுக் கணக்கு. அன்றைய 'சிட்னி கெஜட்' பத்திரிகை ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் (Trove) இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, கப்பல் வருகைச் செய்தியிலேயே கேப்டன் பெயர் இருக்கும். பதினொன்றையும் எழுதப் போனால் பட்டியலாகிவிடும், ஒரு பயணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெண்களைப் பற்றி எழுத ஆசை என்றால் 1840-ல் வந்ததைப் பார்க்கட்டும், அதில் வந்தவர்கள் பெண் கைதிகள்.