சென்னை மாநகராட்சி மன்றம்: யார் கையில் எந்த அதிகாரம்? (கேள்வி பதில்)

மேயரை நாம்தானே தேர்ந்தெடுக்கிறோம்?

இப்போதைய முறையில் இல்லை. நீங்கள் போடுவது கவுன்சிலருக்கான ஓட்டு. 200 வார்டு கவுன்சிலர்கள் சேர்ந்து மேயரையும் துணை மேயரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். 1996, 2001, 2011-இல் மேயருக்கு மக்களே ஓட்டுப் போட்டார்கள். 2006, 2022-இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். சட்டம் இப்படி மாறி மாறி வருவதால்தான் குழப்பம்.

மேயர் சொன்னால் ஆணையர் செய்தாக வேண்டாமா?

மேயர் வாயால் சொல்வது வேறு, கவுன்சிலர்கள் கூடி நிறைவேற்றும் மன்றத் தீர்மானம் வேறு. மேயர் மன்றக் கூட்டத்தை நடத்துபவர். நிர்வாகம் ஆணையரிடம். அவர் மாநில அரசு நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி, அவரை இடமாற்றம் செய்வதும் அரசுதான். ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் பொறுப்பு, கையெழுத்து இன்னொருவரிடம் என்பதே இந்த அமைப்பின் பெரிய பலவீனம். 2016 முதல் 2022 வரை தேர்தலே நடக்காமல் தனி அலுவலரை வைத்து மாநகராட்சியை ஓட்ட முடிந்ததும் இதனால்தான். அந்த ஆண்டுகளில் கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

எங்கள் தெரு ரோட்டைப் பற்றிக் கவுன்சிலர் மன்றத்தில் பேசியே ஆறு மாதம் ஆகிறது. வேலை தொடங்கவில்லையே?

நேரமில்லா நேரத்தில், அதாவது கவுன்சிலர்கள் தங்கள் பகுதிப் பிரச்சினைகளை எழுப்பும் நேரத்தில், பேசுவது கோரிக்கை மட்டுமே. வார்டு உதவிப் பொறியாளர் செலவு மதிப்பீடு போட வேண்டும். பிறகு நிதி ஒதுக்கீடு, நிர்வாக அனுமதி, டெண்டர், பணி ஆணை. பெரும்பாலும் மதிப்பீட்டிலேயே நின்றுவிடும். அல்லது குடிநீர் வாரியம் குழாய் பதிக்கத் தோண்டவிருப்பதால் நிறுத்தி வைத்திருப்பார்கள். அது நியாயமான காரணம், போட்ட ரோட்டை மறுமாதமே வெட்டுவதைவிட மேல். ஆகவே “எப்போது போடுவீர்கள்” என்று கேட்காதீர்கள். “மதிப்பீடு போட்டாச்சா, எந்த நிதியில், கோப்பு யார் மேசையில்” என்று கேளுங்கள். பேருந்து ஓடும் சாலையா என்பதையும் பாருங்கள். அதற்கு மாநகராட்சியிலேயே தனித் துறை. மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் சுற்றி வரும்.

மண்டலக் குழு, நிலைக்குழு இரண்டும் ஒன்றா?

மண்டலம் இடத்தைப் பொறுத்தது: நகரின் ஒவ்வொரு மண்டலத்திலும் அந்தப் பகுதிக் கவுன்சிலர்கள். நிலைக்குழு துறையைப் பொறுத்தது: வரி மற்றும் நிதி, பணிகள், சுகாதாரம், கல்வி என்று.

சாக்கடை அடைப்புக்கு 1913-இல் சொன்னால் போதுமா?

1913 மாநகராட்சியின் புகார் தொலைபேசி எண். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்துடையது. மழையே இல்லாத நாளில் வடிகாலில் கறுப்புத் தண்ணீர் ஓடினால் யாரோ கழிவுநீரை அதில் இணைத்திருக்கிறார்கள். அப்போது இரு இடத்திலும் புகார் பதிந்து, ஒன்றின் எண்ணை மற்றதில் குறிப்பிடுங்கள்.