கேள்வி–பதில்: டி உயிரணுக்கள் வளர்ந்த பிறகு மடிவது ஏன்?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிர்மருத்துவம் படிக்கிறேன். சிடி3, சிடி28 என்ற மேற்பரப்புப் புரதங்களைப் பற்றும் எதிர்ப்புரதம் பூசிய காந்த மணிகளால், நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி உயிரணுக்களைத் தூண்டினோம். மூன்றாம் நாள்வரை நன்றாகப் பெருகின. ஆறாம் நாள் பாதிக்குமேல் செத்துவிட்டன. ஏன்?
– மாணவி, ஈசூன்

பதில்: வளரச் சொல்லும் படியெடுப்புக் காரணி (மரபணுக்களை இயக்கும் புரதம்) வேறு, உயிரைக் காப்பது வேறு. மணிகள் தூண்டிய சில மணி நேரத்தில், வளரச் சொல்லும் 'மிக்' கூடுகிறது. உயிரணு குளுக்கோஸையும் குளூட்டமினையும் அள்ளி உட்கொண்டு, பிரியும் முன்பே பருத்துவிடும். ஆனால் சாகாமல் காப்பது 'ஸ்டாட்5'. சாவைத் தடுக்கும் பிசிஎல்-2 புரதத்தை உண்டாக்கச் சொல்வது அதுதான்.

ஓய்விலுள்ள உயிரணுவில் ஸ்டாட்5-ஐ இயக்குவது ஐஎல்-7 என்ற சமிக்ஞைப் புரதம். அதைப் பற்றும் ஏற்பிக்குரிய மரபணுவை 'ஃபாக்ஸோ1' என்ற மற்றொரு படியெடுப்புக் காரணி திறந்து வைத்திருக்கும். தூண்டியதும் ஃபாக்ஸோ1 உட்கருவைவிட்டு வெளியேற, அந்த ஏற்பி குறைந்துபோகிறது. அதன்பின் உயிரணு ஐஎல்-2 என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதத்தை நம்பித்தான் வாழ்கிறது. அது தீர்ந்தால் ஸ்டாட்5 அடங்கும்; ஃபாக்ஸோ காரணிகள் உட்கருவுக்குத் திரும்பி, 'பிம்' என்ற கொல்லிப் புரதத்தைக் கூட்டும். உங்கள் தட்டில் நடந்தது பெரும்பாலும் இதுவே.

நான்காம் நாள் உயிரணுக்களை இரண்டு குழிகளில் பிரித்து வையுங்கள். ஒன்றில் புது ஊடகம் (வளர்ப்புத் திரவம்) மட்டும். மற்றதில் ஊடகத்தோடு ஐஎல்-2. இரண்டாவது மட்டும் பிழைத்தால் குறை ஐஎல்-2தான். இரண்டும் பிழைத்தால் நெரிசலும் ஊட்டக் குறைவும் காரணம். இரண்டுமே மடிந்தால் மணிகளைக் காந்தத்தால் அகற்றிப் பாருங்கள். ஓயாத தூண்டலும் கொல்லும்.

மூன்றாம் நாளிலிருந்து தினமும் எண்ணி, மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 லட்சம் உயிரணுக்கள் இருக்குமாறு புது ஊடகம் ஊற்றி நீர்க்கச் செய்யுங்கள். ஐஎல்-2-ஐ 2–3 நாளுக்கு ஒருமுறை, மில்லிலிட்டருக்கு 50–100 அலகு சேருங்கள். புதிதாக ஊற்றிய ஊடகத்துக்கு மட்டும் கணக்கிட்டுவிடுவது அடிக்கடி நேரும் பிழை. மொத்தக் கொள்ளளவுக்கும் கணக்கிட வேண்டும். ஊடகம் மஞ்சளாகும்வரை காத்திருப்பது தாமதம்.

கேள்வி: சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்துகொண்ட அப்பா டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறார். சீனப் புத்தாண்டுக்குக் கிடைக்கும் பொமெலோவைச் சாப்பிடலாமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: வேண்டாம். டாக்ரோலிமஸ் 'கால்சினியூரின்' என்ற நொதியைத் தடுப்பதால், 'என்ஃபாட்' என்ற காரணி உட்கருவுக்குள் நுழைய முடியாது. ஐஎல்-2 மரபணு இயங்காது. புதுச் சிறுநீரகத்தைத் தாக்கும் டி உயிரணுக்கள் பெருகாது. கிரேப்ஃப்ரூட், பொமெலோ போன்ற பழங்கள் இம்மருந்தைச் சிதைக்கும் குடல் நொதியை முடக்குகின்றன. இரத்தத்தில் மருந்து எகிறினால் கை நடுங்கும், சிறுநீரகமே பழுதாகலாம். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மருந்தைத் தாமாகக் குறைக்காமல் சிகிச்சைக் குழுவிடம் சொல்லுங்கள். மருந்தளவைச் சோதிக்கும் நாளில், இரத்தம் எடுத்த பிறகே காலை மாத்திரை.