அம்மாவின் அளவு நோட்டு

வணக்கம் ஐயா,

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறையில் இருக்கிறேன். வயது 25. பாயான் லெபாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மென்பொருள் துறைக்குப் போக வேண்டும் என்று ஒன்றரை வருடமாக வீடியோ பார்த்துப் படிக்கிறேன். பைத்தான் என்ற நிரல்மொழியை முடித்து ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்துவிட்டேன். கால்குலேட்டர், வானிலை காட்டும் செயலி எல்லாம் செய்தாயிற்று. ஆனால் வீடியோவை மூடிவிட்டால் கை ஓடவில்லை. செய்வதற்கு உருப்படியான புராஜெக்ட் எதுவும் தோன்றவும் இல்லை. அம்மா வீட்டில் ரவிக்கை தைக்கிறார்; மெஷின் சத்தத்தில் கவனமும் சிதறுகிறது. இப்போது செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதிவிடுகிறது என்கிறார்கள். தொடரலாமா, விட்டுவிடலாமா?

க., பிறை

அன்புள்ள க.,

பைத்தானோ ஜாவாஸ்கிரிப்டோ, எது என்றாலும் சரி. மூன்றாவதற்குத் தாவாதீர்கள், அவ்வளவுதான்.

நான் முதன்முதலில் உருப்படியாக எழுதிய நிரல் பட்டர்வொர்த்தில் என் மாமாவின் மளிகைக் கடைக்கு. 2008ஆம் ஆண்டு. அந்த ஏப்ரலில்தான், ஒரு சென் காசைப் (நூறு சென் ஒரு வெள்ளி, அதாவது ரிங்கிட்) புழக்கத்தில் குறைப்பதற்காக, ரொக்க பில்லை அருகிலிருக்கும் ஐந்து சென்னுக்கு முழுதாக்கும் முறை நாடெங்கும் வந்திருந்தது. நான் சாமானுக்குச் சாமான் முழுதாக்கினேன். 1.03 வெள்ளி வீதம் மூன்று பொட்டலம் நெத்திலி என்றால் என் கணக்கில் 3.15. மொத்தம் 3.09தானே, அதை முழுதாக்கினால் 3.10 அல்லவா என்று ஓர் அம்மாள் கல்லாவின் முன்னால் நின்றுவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. மொத்தத்தைத்தான் முழுதாக்க வேண்டும். அதைத் திருத்தப் போன இடத்தில் இன்னொன்று அகப்பட்டது. பைத்தானில் 0.1 + 0.2 போட்டுப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். கணினி 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் எழுதும் இரும எண்ணில் 0.1 மிச்சமில்லாமல் அடங்காது. அன்றிலிருந்து பணத்தை சென்னாக, முழு எண்ணாகத்தான் வைக்கிறேன்.

அதைவிடப் பெரிய அடி கடன் கணக்கில் விழுந்தது. மாமா கடனை 555 நோட்டில் எழுதுவார், உள்ளங்கையில் அடங்குமே, அதில். பணம் வந்தால் பேனாவால் ஒரு கோடு. என் நிரலோ பழைய தொகையை அழித்துவிட்டுப் புதுப் பாக்கியை எழுதும். திரை துடைத்துவைத்தது போல இருக்கிறது என்று எனக்குப் பெருமை வேறு. மூன்றாம் வாரம் ஒருவர் வந்து, "எல்லாவற்றையும் கட்டிவிட்டேனே" என்றார். திரையில் 'பாக்கி 20' என்று இருந்தது. எவ்வளவுக்கு வாங்கினார், என்றைக்கு எவ்வளவு கட்டினார் என்று கேட்டால் பதில் இல்லை. மாமா அவரிடம் எதுவும் பேசாமல் 20 வெள்ளியைத் தள்ளுபடி செய்துவிட்டு என்னைப் பார்த்தார். "கோடு அடித்தாலும் அடியில் இருக்கிற எழுத்து தெரிய வேண்டுமடா." அன்று மாலையே நோட்டு மீண்டும் கல்லாவுக்கு வந்துவிட்டது.

ஒரு மாதம் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். எதையும் அழிப்பதில்லை, வாங்கியது ஒரு வரி, கட்டியது ஒரு வரி, பாக்கி கூட்டிப் பார்த்து வருவது. பின்னாளில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் இதையே பலகையில் படம் போட்டு அரை மணி நேரம் விளக்கினார்கள். எனக்கு அது 20 வெள்ளிப் பாடம்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். மெஷின் சத்தம் கவனத்தைக் கெடுக்கிறது என்ற வரியில் நின்றுவிட்டேன். தேடுகிற புராஜெக்ட் பக்கத்து அறையில்தானே ஓடிக்கொண்டிருக்கிறது! அம்மாவிடம் ஓர் அளவு நோட்டு இருக்கும், வாங்கிப் பாருங்கள். மார்பு 34½, தோள், கை நீளம், கழுத்து இறக்கம், முன்பணம் எவ்வளவு, என்றைக்கு வேண்டும். போன வருட அளவுக்கு மேல் இந்த வருட அளவை எழுதினால் பழையது போய்விடக் கூடாது. "போன தடவை மாதிரியே" என்று யாராவது வந்து நிற்பார்கள். மூன்று லெட்சுமிகள் இருப்பார்கள். பெயரை வைத்துத் தேடும் நிரல் அங்கேயே குப்புற விழும். பெயர்களை அகர வரிசையில் அடுக்கினால் அன்பரசி அம்பிகாவுக்கு முன்னால் வந்து நிற்பார். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 'ன' 'ம'வுக்கு முன்னால் இருக்கிறது. நம் அரிச்சுவடியிலோ அதுதான் கடைசி மெய். வானிலைச் செயலி செய்கிறவருக்கு இந்தத் தொல்லைகளில் ஒன்றுகூட வராது. அதனால்தான் அதைச் செய்து முடித்த பிறகும் கை ஓடவில்லை.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் மூன்று லெட்சுமிகள் இருப்பதை நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

திருத்தங்களை ஒவ்வொன்றாக, ஏன் திருத்தினீர்கள் என்ற குறிப்போடு கிட்டில் (Git, நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவி) சேமித்து வாருங்கள். நேர்முகத் தேர்வில் எதிரே உட்காரும்போது நான் சான்றிதழைப் பார்ப்பதில்லை. இதை யார் பயன்படுத்துகிறார்கள், அவர்கள் என்ன குறை சொன்னார்கள் என்றுதான் கேட்பேன். பெரும்பாலோர் அங்கே திணறுவார்கள்.

முதலில் நிரல் எழுத வேண்டாம். ஒரு சனிக்கிழமை, காகிதமும் பேனாவுமாக அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், அவர் நோட்டில் எதைத் தேடுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் மட்டும் கிட்டே போகாதீர்கள். கத்தரிக்கோல் கையில் இருக்கும்.